இரண்டாம் தூதன்

போன கார்த்திகையில் ஸ்ரீமதுரையில் ஒரு நண்பர் வீட்டிலிருந்து திரும்புகையில், வயலோர வளைவில் ஒற்றை யானை நின்றிருந்தது. முதுமலைக் காட்டை ஒட்டிய ஊரில் இது ஒரு செய்தியே அல்ல. நான் ஓடியதும் அல்ல. ஓடுவதற்கான சர்க்கரை ரத்தத்தில் எப்படி வந்தது என்பதுதான் பிறகு என்னைத் தொந்தரவு செய்தது.

அட்ரினலின் ஈரல் செல்லுக்குள் நுழைவதில்லை. வாசலைத் தொடுவதோடு சரி. உள்ளே ஸைக்ளிக் ஏ.எம்.பி. என்றொரு பொருள் உண்டாகிறது. இரண்டாம் தூதன் என்று அதற்குப் பெயர். எர்ல் ஸதர்லாண்டுக்கு 1971இல் நோபல் பரிசு இந்த வழியில்தான் வந்தது. தூதன் ஒரு புரதத்தை எழுப்ப, அது அடுத்ததன் மீது பாஸ்பேட்டை முத்திரைபோல் குத்த, அது இன்னொன்றைக் குத்த, படிக்குப் படி பன்மடங்காகி, கடைசியில் சேமித்திருந்த கிளைகோஜன் சர்க்கரையாக உடைகிறது. இதில் ஒருவருக்கும் யானையைத் தெரியாது.

இந்த அறியாமை, பாங்க் குமாஸ்தாவான எனக்கு வெகு பரிச்சயம். அதே மாதம் அவ்வூர் விவசாயி ஒருவருக்கு நகைக்கடன் ஏல நோட்டீஸ் போயிற்று. பாக்கியை அவர் முந்தின நாளே கட்டிவிட்டிருந்தார். பட்டியலில் பெயர் இருந்தது. முத்திரை குத்தினேன், தபாலில் சேர்த்தேன். "பணம் கட்டிட்டேனே சார்" என்று வந்து நின்றார். "மேலேயிருந்து வந்த லிஸ்ட்" என்றேன்.

புரதம் இப்படிச் சொன்னால் ஒப்புக்கொள்ளலாம். ஆனால் செல் தூதனை மட்டும் நம்பி இருப்பதில்லை. குத்திய முத்திரையைக் கழற்ற பாஸ்படேஸ்கள் உண்டு. தூதனையே அழிக்க வேறொரு என்ஸைம். கல்கத்தாவில் சம்பு நாத் டே, கிருமிகளை வடித்து நீக்கிய காலராத் திரவமே முயல் குடலில் நீரைச் சுரக்க வைப்பதை 1959இல் காட்டினார். (அவருக்கு நோபல் கிடைக்கவில்லை, அது வேறு விசாரம்.) அந்த நஞ்சு குடல் செல்லின் விசையை அணைய விடாமல் பூட்டிவிடுகிறது என்பது பின்னால் தெரிந்தது. ஸைக்ளிக் ஏ.எம்.பி. பெருகியபடி இருக்கிறது, உப்பும் நீரும் கொட்டுகின்றன. விசைக்குக் கீழே ஒரு புரதமும் கடமை தவறவில்லை. மனிதன் வற்றிச் சாகிறான்.

இயற்கையிலிருந்து அறத்தை உருவுவது மோசடி என்று நம் நண்பர்கள் சொல்வார்கள். வாஸ்தவம். செல்லிடம் நான் அறம் கேட்கவில்லை. 'வந்ததைக் கடத்தினேன்' என்பது புரதத்தின் வாக்கியம். ரசீதைப் பார்க்கக் கண்ணுள்ள நான் அதை இரவல் வாங்கிப் பேசினேன் என்பதுதான் விஷயம். அழிக்கிற வேலை எங்கள் ஆபீஸில் யாருடைய ஸீட் என்று விசாரித்தேன். அப்படியொரு ஸீட்டே இல்லை.

லெட்ஜரைச் சரிபார்த்துவிட்டு நோட்டீஸைத் திருப்பிக் கேட்டேன். அவர் நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "இது இருக்கட்டும் சார்" என்றார்.