எதை வைத்துக்கொள்வது?

ஓடாமல் கிடக்கும் வால்வு ரேடியோவைப் பிரித்து கிடார் ஆம்ப்ளிஃபயர் செய்யப்போகிறேன் என்றால், "தாத்தா காலத்துப் பொருளை உடைக்கலாமா?" என்று சிலர் பதறுவார்கள். "அந்தக் குப்பையில் என்ன இருக்கிறது?" என்பார்கள் வேறு சிலர். இந்த இரு சாராரும் ரேடியோவின் பின்பலகையைக் கழற்றிப் பார்த்திருக்க மாட்டார்கள் என்பது என் அனுமானம்.

ரேடியோவும் கிடார் ஆம்பும் பங்காளிகள்தான். லியோ ஃபெண்டர் 1938இல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் முதலில் திறந்தது ரேடியோ ரிப்பேர் கடை; கிடாரெல்லாம் பிறகு வந்தவை. வீட்டு ரேடியோவில் அடக்கமாகச் செய்தி வாசித்த ஈஎல்84 வால்வு, நான்காகச் சேர்ந்து வாக்ஸ் ஏசி30 ஆம்ப்ளிஃபயருக்குள் உட்கார்ந்து பீட்டில்ஸின் கிடாரை ஊருக்குக் கேட்க வைத்தது. ஒன்றே ஒன்று இருந்தாலும் ஐந்து வாட் அளவுக்குக் கிடைக்கும். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்ட அது போதும்.

பழைய செட்டில் விலைமதிப்புள்ளவை இரண்டு டிரான்ஸ்ஃபார்மர்கள். ஒன்று வால்வுக்கு வேண்டிய 250, 300 வோல்ட்டைத் தருவது. மற்றொன்று வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் நிற்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர். ஈஎல்84 எதிர்பார்க்கும் சுமை ஏறத்தாழ ஐயாயிரம் ஓம். ஸ்பீக்கரோ நான்கு அல்லது எட்டு ஓம். இரண்டையும் ஒத்துப்போக வைப்பது இதன் வேலை. செம்புக் கம்பி, இரும்புத் தகடு, வார்னிஷ் பூசிய காகிதம், அவ்வளவுதான் உள்ளே. ஈரமும் அதிகச் சூடும் படாமல் இருந்தால் அறுபது வருடம் கழித்தும் நேற்றுச் சுற்றியதுபோல் வேலை செய்யும்.

கண்டென்சர்கள் அப்படியல்ல. ஓடினாலும் கெடும், சும்மா வைத்தாலும் கெடும். எலெக்ட்ரோலிட்டிக் வகை உள்ளே உலர்ந்துவிடும். காகிதமும் மெழுகும் கொண்டு செய்தவற்றில் ஈரம் இறங்கி மின்சாரம் கசியும். கடைசி வால்வுக்கும் அதற்கு முந்தைய வால்வுக்கும் இடையில் ஒரு சிறிய கண்டென்சர் இருக்கும். பாட்டை விட்டு, வோல்ட்டேஜைத் தடுத்து நிறுத்துவது அதன் கடமை. அது கொஞ்சம் கசிந்தால் போதும், கடைசி வால்வு வரம்புமீறிக் கரண்ட் இழுக்கும், உள்ளே தகடு சிவக்கும், அப்படியே விட்டால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரே கருகிப்போகும். ஒரு டீ, வடை விலைக்குள் முடிகிற சாமான், கடையில் கேட்டாலும் கிடைக்காத சாமானைக் கொன்றுவிடுகிறது. "ஒரிஜினலாகவே இருக்கட்டும்" என்று பிரியத்தோடு விட்டுவைத்த செட்டுகள் பல இப்படித்தான் போயிருக்கின்றன.

இதை ரேடியோவோடு நிறுத்திக்கொள்ள என்னால் முடிவதில்லை. குடும்பங்களில் பழையதைப் பற்றி நடக்கும் சண்டையும் ஏறக்குறைய இதேதான். கல்யாணம் என்றால் சொந்தக்காரர்கள் நாலு நாள் முன்னதாகவே வந்து ஒரே வீட்டில் பாய் போட்டுப் படுப்பது ஒரு வழக்கம். கணவரை இழந்த பெரியம்மா மணவறைப் பக்கம் வராமல் தூணோரம் நிற்க வேண்டும் என்பதும் வழக்கம்தான். இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி, "முன்னோர் வைத்ததை மாற்றாதே" என்று காப்பாற்றும் வீடுகளை எனக்குத் தெரியும். பெரியம்மாக்கள் ஒரு கட்டத்தில் கல்யாணங்களுக்கு வருவதை நிறுத்திவிடுகிறார்கள். அவர்கள் வராவிட்டால் அவர்கள் பிள்ளைகளும் வருவதில்லை. பாய் விரிக்க ஆளில்லை. மூட்டையோடு எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட்டு, சாயங்கால ரிசப்ஷனில் வந்து சாப்பிட்டுப் போகும் உறவே போதும் என்று ஒதுங்கியவர்கள் மீதும் எனக்கு மரியாதை இல்லை. டிரான்ஸ்ஃபார்மரைப் பழைய இரும்புக்குப் போட்டவர்கள் அவர்கள்.

எது கசிகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பார்வைக்கு ஒன்றும் தெரியாது. துருப்பிடித்த டிரான்ஸ்ஃபார்மர் நன்றாக இருக்கும், பளபளக்கும் கண்டென்சர் கசியும். மீட்டர் வேண்டும். வாழ்க்கையில் மீட்டர் ஏது என்று கேட்கலாம். யாருக்கு ஷாக் அடிக்கிறது என்று கேட்டுப் பார்ப்பதுதான் அங்கே மீட்டர்.

ரேடியோக்களிலேயே ஒரு ரகம் உண்டு, ஏசி-டிசி செட் என்பார்கள். வால்வின் பெயர் யூஎல்84 என்பதுபோல் யூவில் தொடங்கும். மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது; சேசிஸ் நேராக லைனோடு சேர்ந்திருக்கும். மரப்பெட்டி, பேக்லைட் குமிழ் எல்லாம் மூடியிருப்பதால் பாட்டுக் கேட்டவருக்கு ஒரு கெடுதலும் இல்லை. கிடார் வாசிப்பவர் நிலை வேறு. அவர் விரல் படும் கம்பி ஒயர் வழியாக அந்த சேசிஸோடு சேர்ந்திருக்கும். ஐம்பது வருடம் ஒருவரையும் ஒன்றும் செய்யாத பெட்டி, தொட்டு வாசிக்க வந்தவரைக் கொல்லும். "எங்களுக்கெல்லாம் ஒன்றும் ஆகவில்லையே" என்று பெரியவர்கள் சொல்லும்போது எனக்கு இந்த ரகம்தான் நினைவுக்கு வரும். அதை நான் தொடுவதே இல்லை. மற்ற செட்டுகளுக்கும் முதல் வேலை, மூன்று பின் கொண்ட ஒயர் போட்டு சேசிஸை எர்த் செய்வது.

பழைய ரேடியோவைப் பழையபடியே மீட்பவர்களிடம் ஒரு நுணுக்கமான வேலை உண்டு. காகிதக் கண்டென்சரின் மெழுகை உருக்கி, உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு, புதியதை அதே உறைக்குள் ஒளித்து வைத்து மூடிவிடுவார்கள். அழகான வேலை. ஆனால் ஆம்ப்ளிஃபயரில் நான் அப்படிச் செய்வதில்லை. மஞ்சள் நிறப் புதுக் கண்டென்சர் அப்பட்டமாகவே தெரியட்டும், மாற்றிய வருடத்தையும் பக்கத்தில் எழுதி வைக்கிறேன். அடுத்து இதைப் பிரிப்பவர், நான் எதை மாற்றினேன், எதை விட்டுவைத்தேன் என்று பார்த்து, என் கண்டென்சரையும் சந்தேகப்பட வேண்டும்.