கேட்பதற்கும் ஒரு விலை

ஆலங்காயத்தில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் எனக்குப் பழக்கம். முண்டக உபநிடதத்தின் இரண்டு பறவைகளைப் பற்றிப் பேசாமல் அவருக்கு மாலை கழியாது. ஒரே மரத்தில் ஒரு பறவை பழம் தின்கிறது. மற்றது தின்னாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. "அந்த ரெண்டாவது பறவையா இருக்கப் பழகுங்க தம்பி" என்பார். நான் பால் சங்கங்களின் எலக்ட்ரானிக் தராசும் கொழுப்புமானியும் பழுதுபார்ப்பவன். இரண்டு கருவிகள் சீரியல் போர்ட்டில் பேசிக்கொள்வதை இடையில் நின்று ஒட்டுக்கேட்பதுதான் என் பிழைப்பில் பாதி. ஆகவே அவர் சொல்வதை எனக்குத் தெரிந்த கம்பியில்தான் உரசிப் பார்க்க முடியும்.

அவர் சான்றுக்குக் காவலூர் வானாய்வகத்தைக் காட்டுவார். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்துக் கடந்தது. ஜவ்வாது மலையிலிருந்த அதன் ஒரு மீட்டர் தொலைநோக்கியும் அதைப் பதிவு செய்தது. கோள் மறைக்கும் முன்பே நட்சத்திர ஒளி மங்கியது. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டென்று உலகம் அறிந்தது அன்றைய மறைப்பில்தான். "நாம பார்த்தது அந்த நட்சத்திரத்துக்குத் தெரியுமா? அதுதான் சாட்சி!"

நட்சத்திரம் தொலைவில் இருக்கிறது, ஐயா. கம்பி அப்படியல்ல.

ஆர்எஸ்-232 என்பது சீரியல் போர்ட்டுக்கு 1960-இல் வந்த தரநிலை. மைனஸ் 3 முதல் மைனஸ் 15 வோல்ட் வரை இருந்தால் ஒன்று. பிளஸ் 3 முதல் பிளஸ் 15 வரை இருந்தால் பூஜ்யம். யாரும் பேசாதபோதும் லைன் மைனஸில்தான் நிற்கும். மீட்டரில் வோல்ட்டே காட்டாவிட்டால் அது அமைதி இல்லை, கோளாறு. கேட்கும் முனையின் மின்தடை 3,000 முதல் 7,000 ஓம் வரை இருக்க வேண்டும் என்பதும் அதே விதிதான். அதாவது கேட்பவன் எவனும் பேசுபவனிடமிருந்து கொஞ்சம் கரண்டாவது இழுத்தே ஆகவேண்டும். இழுக்காத காது அந்த ஏட்டிலேயே இல்லை.

மலையடிவாரத்தில் ஒரு பால் சங்கம். தராசு காட்டும் எடை ஒன்று, கணினித் திரையில் வருவது வேறு. சில நேரம் எண்ணுக்குப் பதில் கிறுக்கல். கறவைக்காரர்கள் கேனோடு வரிசையில் நின்று செயலாளரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். பாட் ரேட் 9600, பாரிட்டி இல்லை, இரு பக்கமும் ஒன்றாகவே இருந்தன. தராசு பக்கம் ஒரு யுஎஸ்பி-சீரியல் கன்வெர்ட்டர், கணினி பக்கம் ஒன்று என்று மடிக்கணினியில் செருகி, போவதையும் வருவதையும் பதிவு செய்ய உட்கார்ந்தேன். ஒரு எழுத்து பிசகவில்லை. கழற்றினேன், கிறுக்கல் திரும்பியது. மறுபடி செருகினால் சுத்தம்.

கேபிளைத் திறந்தபோது ஐந்தாம் பின்னில் ஈயம் விட்டுப்போயிருந்தது. அதுதான் கிரவுண்ட். இரு பக்கத்துக்கும் பொதுவான பூஜ்யம் இல்லாவிட்டால் மைனஸ் எது, பிளஸ் எது என்று கேட்கும் சிப்புக்குத் தெரியாது. என் இரண்டு கன்வெர்ட்டரும் மடிக்கணினிக்குள் ஒரே கிரவுண்டில் சேர்வதால், வேடிக்கை பார்க்க வந்த நானே அறுந்த கம்பியாக நின்றிருக்கிறேன்.

இதை ஆசிரியரிடம் சொன்னபோது, ஆப்டோகப்ளர் என்று ஒன்று இருக்கிறதே, அது தொடாமல் கேட்காதா என்றார். (எங்கிருந்து பிடித்தாரோ!) அதற்குள் ஒரு எல்இடி ஒளிர்ந்து தகவலை மறுகரைக்கு அனுப்பும், கிரவுண்ட் சேராது. ஆனால் அந்த எல்இடி எரிவதற்கும் லைனிலிருந்துதான் கரண்ட் போக வேண்டும்.

மெய்கண்டார் வழிவந்த சைவ சித்தாந்திகள் இந்தத் தொடாத சாட்சி விஷயத்தில் நேர்மையானவர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. சாங்கியர்கள் புருஷனை ஒட்டாத சாட்சியாக வைத்தார்கள். சைவ சித்தாந்தமோ உயிரைச் சார்ந்ததன் வண்ணமாவது என்கிறது: எதைச் சேர்கிறதோ அதன் நிறம் ஏறும். எல்லாவற்றோடும் ஒன்றாய், வேறாய், உடனாய் நின்றும் தோயாமல் இருப்பது இறைவன் ஒருவனுக்கே. உபநிடதத்துப் பறவைக்கும் சங்கரர் முதல் பல உரைகாரர்கள் அப்படித்தான் பொருள் சொல்கிறார்கள். பார்க்கும் பறவை ஈசுவரன், தின்பது நாம். அதை நமக்கான பயிற்சியாக ஆக்கிக்கொள்வது ஆசிரியரின் ஆசை, நூலின் கருத்து அல்ல. தான் தொடவில்லை என்று நம்புகிறவன் தன்னால் என்ன மாறியது என்று தேடவும் மாட்டான். அதுதான் ஆபத்து.

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பிகளுக்கு ஒன்று: ஒட்டுக்கேட்கும் கருவியைச் செருகியதும் கோளாறு காணாமல் போனால் 'சரியாகிவிட்டது' என்று பில் போடாதீர்கள். முதலில் ஐந்தாம் பின்னைப் பாருங்கள்.