ஆசிரியன் விதைப்பது எதனை?

மாணவனின் மத நம்பிக்கையில் ஆசிரியன் கைவைக்கலாமா? பெற்றோர் பலர் இக்கேள்வியை அச்சத்தோடு எழுப்புகின்றனர். ஆசிரியர்களாகிய நாமோ பெரும்பாலும் மௌனத்தால் இதனைக் கடந்து விடுகிறோம். பாடத்திட்டத்தை முடித்தோம், பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்தோம், நம் கடன் தீர்ந்தது என அமைதி கொள்கிறோம். ஆயினும், மௌனமும் ஒரு போதனையே என்பதை நாம் மறக்கலாகாது.

கல்கத்தா இந்துக் கல்லூரியில் ஆசிரியராயிருந்த ஹென்றி டெறோசியோவின் வரலாறு இங்கு சிந்திக்கத்தக்கது. 1826இல் அவர் அப்பதவியை ஏற்றபோது அவருக்கு வயது 17. ஐந்தாண்டுகளே கற்பித்தார். நாத்திகம் போதிக்கிறார் என்ற பழி எழவே, நிர்வாகத்தின் நெருக்குதலால் 1831இல் பதவி துறந்தார். அவ்வாண்டு டிசெம்பரில் வாந்திபேதி கண்டு மறைந்தார்.

அப்பழிக்கு அவர் எழுதிய மறுமொழி இன்றும் நமக்குப் பாடமாகும். கடவுளின் இருப்பை ஐயுறும் ஹியூமின் வாதங்களை மாணவர்முன் வைத்ததை அவர் மறைக்கவில்லை. அவற்றுக்கு றீட், டுகால்ட் ஸ்டுவாட் ஆகியோர் கூறிய மறுப்பையும் உடன் கற்பித்ததை எடுத்துக்காட்டினார். ஒருபக்க வாதத்தை மட்டும் ஊட்டுவது கல்வியாகாது என்பதே அவர் நிலை.

விளைந்தது யாது? அவர் வழிவந்த கிருஷ்ணமோகன் பானர்ஜி 1832இல் கிறிஸ்தவரானார். ராம்தனு லாகிரி 1851இல் பூணூலைக் களைந்தெறிந்தார். பிற்காலத்தில் எவரெஸ்ட் சிகரத்தின் உயரத்தைக் கணித்த ராதாநாத் சிக்தார், நில அளவைத் தொழிலாளரைக் கட்டாய வேலை வாங்கிய வெள்ளைக்கார நீதவானை 1843இல் எதிர்த்து நின்று, 200 ரூபா தண்டம் செலுத்தினார். நம்பிக்கையில் இவர்கள் வெவ்வேறு திசையினர். ஆனால், தாம் உண்மையெனக் கண்டதற்கு விலைகொடுக்கத் தயங்காமை இவர்கள் அனைவர்க்கும் பொது. ஆசிரியர் விதைத்தது கொள்கையாயிருப்பின், எல்லோரும் ஒன்றையே ஒப்பித்திருப்பர். அவர் விதைத்தது நேர்மை. எனவேதான் அது பலவாறு கிளைத்தது.

இவர்களிடம் குறையில்லையா? இருந்தது. 1831இல் சில இளைஞர் மாட்டிறைச்சி உண்டு, எலும்பை அயல்வீட்டு அந்தணரின் முற்றத்தில் வீசினர். அயலானைப் புண்படுத்துவது பகுத்தறிவாகாது. ஆங்கிலம் கற்ற சிறு வர்க்கத்துள் முடங்கிய சிந்தனை, உழுது நலிந்த மக்களின் குடிசையை எட்டவுமில்லை. எனினும், 1854இல் பியாரிசந்த் மித்ராவும் சிக்தாரும் பெண்களும் படிக்கத்தக்க எளிய வங்காளத்தில் மாதப் பத்திரிகை நடத்த முற்பட்டமை, அக்குறையை உணர்ந்து திருத்தியதற்குச் சான்றாகும்.

முற்போக்காளர் எனத் தம்மை அழைத்துக்கொள்ளும் நம்மையே இவ்வரலாறு முதலிற் கேள்வி கேட்கின்றது. பழைய வேதத்தை அகற்றி, நமது கொள்கையை மாணவன் நாவில் மனப்பாடமாக ஏற்றுவோமாயின், நாம் புதிய புரோகிதரேயன்றி வேறல்லர். நம்மை மறுக்கும் வாதத்தையும் அதன் முழு வலிமையோடு அவன்முன் வைக்கும் துணிவு நமக்கு வேண்டும். அவன் நம் கருத்தை ஏற்காது போகலாம். ஆனால், அநீதியின்முன் நிற்க நேரும் நாளில் அவன் தலை குனியாதிருப்பானாயின், நாம் கற்பித்தது வீண்போகவில்லை.