ஏரிக்கரையில் நடக்காத பாடம்

தந்தை பட்ட கடனுக்கு மைந்தனைத் தேர்வு எழுதச் சொல்லும் வழக்கம் எங்கேனும் உண்டா? சுற்றுச்சூழலைப் பொறுத்தவரை நாம் செய்துகொண்டிருப்பது அதுவே. நீரை வற்றச் செய்தவர்கள் நாம். நீரைக் காக்கும் வழிகளை மனனம் செய்பவர்கள் நம் மக்கள்.

இக்கல்வி கட்டாயமானதும் நீதிமன்றத்தின் வழியாகத்தான். வழக்குரைஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், 1991 நவம்பர் 22 அன்று, சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க உச்ச நீதிமன்றம் பணித்தது. (ஒவ்வொரு காட்சியிலும் சுற்றுச்சூழல் பற்றிய சிலைடுகளைக் காட்டுமாறு திரையரங்குகளுக்கும் அத்தீர்ப்பில் கட்டளை இருந்தது, அதனை இன்று நினைப்பார் யார்?) பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2003 டிசம்பரில், பாடத்திட்டம் வகுக்கும்படி அந்நீதிமன்றமே மீண்டும் ஆணையிட நேர்ந்தது. தமிழ்நாட்டில் 2019-இல் வந்த பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் சுற்றுச்சூழல் மேலாண்மை ஒரு தனிப் பாடமாகவே இடம்பெற்றது. நூலில் குறை காண்பது நம் நோக்கமன்று.

கீழ்பென்னாத்தூர் வட்டாரத்தை எண்ணிப் பாருங்கள். ஏரியும் கிணறுமே வேளாண்மைக்கு உயிராய் நிற்கும் மண் அது. பருவமழை நீர் வரத்துக்கால் வழியே இறங்கி ஏரியை நிரப்பும். மதகு வயலுக்குக் கொடுக்கும். மிஞ்சியது கலங்கல் தாண்டி அடுத்த ஏரிக்குப் போகும். ஏரியில் நீர் நின்றால் சுற்றுப்புறக் கிணறுகளில் ஊற்று உயரும். வரத்துக்காலை ஒருவர் தம் வயலோடு சேர்த்துக்கொண்டால் கீழேயுள்ளவர் வறண்டுபோவார். கிணறு தாழ்ந்ததும் நாம் ஆழ்துளைக் குழாய் இறக்குகிறோம். அண்டை நிலத்தார் அதனினும் ஆழமாய் இறக்குகிறார். மேலே நிலத்துக்குப் பட்டா உண்டு. அடியில் ஓடும் நீர் யாருடையது?

இவ்வினாவை ஏரிக்கரையில் நின்று கேட்க ஆசிரியர் தயங்குவதில் வியப்பில்லை. விடை தேடும் மாணவன் தன் வீட்டு வாசலுக்கே வந்து சேரக்கூடும். கால்வாயை வளைத்தவர் அவனுடைய பெரிய தந்தையாக இருக்கலாம். பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் முன்வரிசையில் அமர்பவராகவும் இருக்கலாம். ஆகவே துருவப் பனி உருகுவதை அச்சமின்றிக் கற்பிக்கிறோம். நம் ஊர் வரத்துக்காலைப் பற்றி வாய்திறப்பதில்லை. ஏரி ஆக்கிரமிப்புகளை அகற்ற 2007-இல் தனிச் சட்டமே இயற்றிய மாநிலம் நம்முடையது!

நம்மில் பலருக்கு நீர்ச்சிக்கனம் கற்பித்தவர் பள்ளி ஆசிரியரல்லர். ஓடும் ஆற்றருகிலும் ஒளுச் செய்கையில் நீரை விரயம் செய்யலாகாது என்னும் நபிபோதனையைச் சொல்லி, ஒரு செம்பு நீரில் ஒளுச் செய்தும் காட்டிய பாட்டனாரே. இன்றோ, “நம் மோட்டார் இரவெல்லாம் ஓடியதே, அத்தா?” என்று கேட்கும் மகனை, “போய்ப் படி” என்று அனுப்புகிறோம். அவன் படித்ததனால் கேட்ட கேள்வி அது.

அண்ணாமலையின் மொட்டைச் சரிவுகளில் 1980-களின் இறுதியில் தொடங்கிய மரநடுகை இன்று பசுமையாய்க் கண்ணுக்குத் தெரிகிறது. ஏரிக்கும் அத்தகைய கைகள் வேண்டும். ஐப்பசி மழைக்கு முன்னே, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரு நாள் வரத்துக்காலோடு நடத்திச் செல்லட்டும். கிராம வரைபடத்தில் கால் எங்கே இருந்தது, இன்று எங்கே நின்றுபோகிறது என்று அவர்களே குறிக்கட்டும். அன்றைக்குப் பெற்றோராகிய நாமும் உடன் நடப்போம். குறிக்கும் இடம் நம் வயலாக இருந்தாலும்.