கன்றும் கனெக்டரும்

மோட்டார்சைக்கிளில் டிரெய்லர் இழுத்துப் போகிறவனுக்குத் தன் பிரேக் விளக்கு எரிகிறதா என்பது ஓடும்போது தெரியாது. பின்னால் வரும் லாரிக்காரருக்குத்தான் தெரியும். இங்கே டெக்சாஸில் என் கோல்டு விங் மோட்டார்சைக்கிளையும் டிரெய்லரையும் இணைக்கும் நாலு பின் கனெக்டர் தார்ச்சாலையில் உரசித் தேய்ந்துபோனதால் புதியது மாற்றினேன். வேலை சின்னதுதான். அது கிளப்பிய கேள்வி அவ்வளவு சின்னதல்ல.

நாலு ஒயரில் வெள்ளைதான் எர்த். மஞ்சள் இடது இண்டிகேட்டர், பச்சை வலது, பழுப்பு பின்விளக்கு. வெள்ளையைப் பலர் பொருட்படுத்துவதில்லை. கொக்கி இரும்பு வழியே எர்த் கிடைத்துவிடும் என்பார்கள். கொக்கியில் கிரீஸ் இருக்கிறது, துரு இருக்கிறது, குலுங்கும்போது தொடர்பு விட்டுவிட்டு வரும். எர்த் அறுந்தால் மின்சாரம் மற்ற பல்புகளின் இழை வழியாகத் திரும்ப வழி தேடும். இடது இண்டிகேட்டர் போட்டால் எல்லா விளக்கும் மங்கலாக மினுக்கும். பின்னால் வருகிறவர் அதை வைத்து என்ன முடிவெடுப்பார்?

பழைய ஒயரை நறுக்கினேன். மேலுறை புதிதுபோல் இருந்தது, உள்ளே செம்பு கறுத்திருந்தது. ஈரம் உறைக்குள்ளேயே ஏறிவிடுகிறது. பளிச்சென்று செம்பு தெரியும்வரை நறுக்கிக்கொண்டே போனேன். அந்த இடத்தில் டேப் சுற்றி மூடியிருந்தாலும் அன்றைக்கு விளக்கு எரிந்திருக்கும்.

தெரியாமல் நேர்ந்த தீங்குக்கு யார் பொறுப்பு என்று யோசித்தபோது மனதில் வந்தவர் மனுநீதிச் சோழன். சேக்கிழார் சொல்லும் கதையில் இளவரசன் குற்றவாளி அல்ல. திருவாரூர் வீதியில் யாரும் பார்க்காதபடி ஒரு கன்று துள்ளிவந்து அவன் தேர்க்காலில் விழுந்து சாகிறது. தாய்ப்பசு அரண்மனை மணியை இழுத்து நீதி கேட்கிறது. பிராயச்சித்தம் செய்தால் போதும் என்கிறார்கள் அமைச்சர்கள். தாய்ப்பசு படும் துயரைத் தானும் பட வேண்டும் என்கிறான் அரசன். மகன்மேல் தேரை ஓட்டுகிறான்.

1976இல் இங்கிலாந்துத் தத்துவவாதி பெர்னார்ட் வில்லியம்ஸ் ஏறக்குறைய இதையே எழுதினார்: ஒரு லாரி ஓட்டுநர், தன் தவறு எதுவுமில்லாமல், ஒரு குழந்தையை இடித்துவிடுகிறார். சாலையோரம் நின்று பார்த்தவர் படும் வருத்தமும் ஓட்டியவர் படும் வருத்தமும் ஒன்றல்ல. ‘என்மேல் தப்பில்லை’ என்று அவர் சட்டென்று தேறிவிட்டால், நமக்கே ஏதோ உறுத்துகிறது. அதே அரங்கில் தாமஸ் நேகல், பிரேக்கைச் சோதிக்காமல் விட்ட ஓட்டுநரைப் பற்றிக் கேட்டார். அதே அலட்சியத்தோடு ஓட்டி, யாரும் குறுக்கே வராததால் தப்பித்தவரை நாம் ஏன் கொலைகாரர் என்பதில்லை?

அரசனின் தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை. மகன் செத்தால் பசுவுக்கு என்ன கிடைக்கும்? அமைச்சர்களின் வழியையும் ஏற்க முடியவில்லை. அதில் பசுவுக்கு இடமே இல்லை. மணியை இழுத்தது அதுதான், பரிகாரமோ இளவரசனுக்கு.

எனக்குத் தெளிவாவது ஒன்றுதான். இளவரசனின் அறியாமை அவன் உண்டாக்கியதல்ல. கறுத்த செம்பின்மேல் டேப் சுற்றினால் வரும் அறியாமை நானே உண்டாக்கியது. ‘எனக்குத் தெரியாது’ என்று இருவரும் சொல்லலாம். என் வாயில் அது பொய். நறுக்கிப் பார்த்திருந்தால், டெஸ்ட் லேம்ப் வைத்திருந்தால் தெரிந்திருக்கும். தெரியாமல் இருப்பதை நான் தேர்ந்தெடுத்திருக்கிறேன் என்றால், விபத்து நடந்தாலும் நடக்காவிட்டாலும் குற்றம் அங்கேயே நடந்துவிட்டது. நேகலுக்கு என் பதில் இதுதான்.

ஒவ்வொரு இணைப்பையும் வெவ்வேறு நீளத்தில் வைத்துப் பற்றவைத்தேன், ஒன்றோடொன்று உரசாமல் இருக்க. உள்ளே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் டியூப் போட்டுச் சூடாக்கினேன், ஓரத்தில் பசை கசிந்து வரும்வரை. அப்புறமும் விளக்கு என் முதுகுக்குப் பின்னால்தான். மனைவி பின்னால் நின்று லெஃப்ட், ரைட், பிரேக் மூன்றும் சரி என்ற பிறகுதான் கிளம்புகிறேன். நூறு மைல் போனபின் அந்தச் சோதனையும் பழசாகிவிடுகிறது. பெட்ரோல் போட நிற்கும் இடத்தில் யார் நின்றாலும், ‘பிரேக் பிடிக்கிறேன், பின்னால் எரிகிறதா சொல்லுங்கள்’ என்று கேட்டுவிடுகிறேன்.