கீழ்த்திசையும் தென்திசையும்



பனச்சமூடு என்பது கேரளத்து நெய்யாற்றின்கரை வட்டமும் தமிழ்நாட்டுக் கன்னியாகுமரி மாவட்டமும் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் எல்லைச் சிற்றூர். அங்குச் சந்தையில் மரச்சீனி விற்பவர் ஒரு மாநிலத்தவராகவும் வாங்குபவர் மற்றொரு மாநிலத்தவராகவும் இருத்தல் அன்றாட வழக்கம். அவ்வூரில் வாழும் இளந்தம்பதியர் இருவர், தம்மத்தைத் தழுவிச் சில ஆண்டுகளே ஆனவர், பௌர்ணமிக் கூட்டம் முடிந்தபின் என்னை அணுகினர். “ஐயா, எங்கள் மகளுக்கு ஐந்து வயது நிறைந்துவிட்டது. அவளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பிக்க எண்ணுகிறோம். இது தகுமா?” என்று கணவர் வினவினார்.

காரணம் யாதென்றேன். மூன்று கூறினர். சிறு பிள்ளைகளை மணிக்கணக்காக உட்காரவைத்து எழுத்தையும் எண்ணையும் திணிக்கின்றனர் என்பது ஒன்று. வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமும் வழங்க, பள்ளியிலோ ஆங்கிலமே பெருமையெனப்படுகிறது என்பது இரண்டாவது. மூன்றாவதைக் கூறக் கணவர் தயங்கினார். அந்த அம்மையே கூறினார். சிறுமி சென்றுவந்த மழலையர் பள்ளியில் யாரோ ஒருவர், இவர்கள் பௌத்தர் எனக் கேட்டறிந்து, “அப்படியானால் நீங்கள் முன்பு யார்?” என்று குழந்தையிடமே கேட்டாராம். அவள் வீட்டிற்கு வந்து, “அம்மா, நாம் முன்பு யார்?” என்றாளாம். “எனக்கு விடை வரவில்லை ஐயா. அன்றே அவளை நிறுத்திவிட்டேன்” என்றார் அத்தாய்.

நான் உடனே விடை பகர்ந்தேன். விரைந்து கூறிய விடை நல்விடையாவது அரிது. “மகளே, உங்கள் நெய்யாற்றின்கரைப் பகுதியிலேயே ஊரூட்டம்பலம் என்னும் ஊர் உண்டு. 1910-களில் பஞ்சமி என்னும் சிறுமியின் கையைப் பிடித்து அய்யங்காளி அங்குள்ள பள்ளிக்கு அழைத்துச் சென்றார். தீண்டத்தகாதவள் எனப்பட்ட அச்சிறுமி அமர்ந்த பள்ளி தீயிடப்பட்டது. அன்று கரிந்த பெஞ்சு ஒன்று இன்றும் அங்குப் பேணப்படுகிறது. 2022-ஆம் ஆண்டில் அப்பள்ளிக்கு அய்யங்காளி, பஞ்சமி இருவரின் பெயரும் சூட்டப்பட்டன. அவர்கள் திறந்துவைத்த கதவை நாமே சாத்துவது நன்றி மறப்பதன்றோ?” என்றேன்.

அவர் அமைதியாக விடையளித்தார்: “ஐயா, பஞ்சமியைப் பள்ளி வேண்டாமென்றது, அவள் போராடி உள்ளே சென்றாள். என் மகளைப் பள்ளி வேண்டாமென்று சொல்லவில்லை. உள்ளே சேர்த்துக்கொண்டு, நீ யார் என்று கேட்கிறது. பெரியவர்களின் நன்றிக்கடனை ஐந்து வயதுக் குழந்தை தலையில் வைக்கலாமா?”

இதற்கு என்னிடம் அப்போது விடையில்லை. ஆகலின் வீடு திரும்பிப் பல நாள் சிந்தித்தேன். அச்சிந்தனையையே ஈண்டு எழுதுகிறேன்.

முதற்கண், இது சட்டத்தைப் பற்றிய வினா அன்று என்பதைத் தெளிவோம். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. ஆறு முதல் பதினான்கு வயதுவரை உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் பள்ளிக்கல்வி பெறும் உரிமையை அது வழங்குகிறது. 1989-இல் நிறுவப்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் வாயிலாக, பள்ளிக்குச் செல்லாமல் கற்ற பிள்ளையும் பதினான்கு வயது நிறைந்தபின் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதலாம். எனவே வீட்டில் கற்பிப்போர்க்கும் வழி முற்றிலும் அடைபட்டுவிடவில்லை. வழி இருக்கும்போது அதனைத் தேர்வது அறமா என்பதே நம்முன் உள்ள வினா.

பகவான் புத்தர் சிகாலன் என்னும் இல்லறத்தானுக்கு ஆறு திசைகளின் பொருளை விளக்கினார் என்பதை நம்மவர் அறிவர். அவ்வுரையில் தாய்தந்தையர் கீழ்த்திசை, ஆசிரியர் தென்திசை. இரண்டும் வெவ்வேறு திசைகளாகவே வைக்கப்பட்டுள்ளன. பெற்றோரின் கடமைகளாக, தீமையினின்று தடுத்தல், நன்மையில் நிறுத்தல், தொழில் கற்பித்தல், தக்க மணம் முடித்தல், உரிய காலத்தில் உடைமையை ஒப்படைத்தல் ஆகிய ஐந்தும் கூறப்பட்டன. ஆசிரியர்க்கு உரிய ஐந்தில் ஒன்று நம் கவனத்திற்குரியது: மாணவனைத் தோழரிடையே நன்கு அறிமுகப்படுத்துதல். இதனை வீடு செய்ய இயலாது. தன் குழந்தையைப் பாராட்டும் தாயின் சொல்லைப் பிறர் பிள்ளைகள் தாயின் சொல்லாகவே கேட்பர். அதே பாராட்டை ஓர் ஆசிரியர் வகுப்பின் நடுவே கூறினால், நாற்பது பிள்ளைகளின் கண்ணில் அக்குழந்தை உயர்ந்து நிற்கும்.

பிறிதோரிடத்தில் பெற்றோரைப் பூர்வாசாரியர் என்கிறார் பகவான். பூர்வாசாரியர் என்றால் முந்திய ஆசிரியர் என்பது பொருள். முந்தியவர் என்னும்போதே பின்வருவோரும் உளர் என்பது பெறப்படும்.

பகவான் தம் மைந்தரிடத்தில் எவ்வாறு நடந்தார் என்பதைக் காண்போம். இராகுலரைத் துறவு வாழ்வில் சேர்க்கும் பொறுப்பைச் சாரிபுத்தரிடம் ஒப்படைத்தார். ஞானத்தில் தமக்கு மேம்பட்டார் இல்லாத தந்தை, மகனை வேறோர் ஆசிரியரிடம் அளித்தார் என்பது எளிய செய்தியன்று. அதனோடு மற்றொன்றும் நிகழ்ந்தது. பேரனைப் பிரிந்த சுத்தோதனர் மனம் வருந்தி வேண்ட, தாய்தந்தையர் இசைவின்றி எந்தப் பிள்ளையையும் துறவில் சேர்க்கலாகாது என்று பகவான் விதித்தார். பிள்ளையைப் பிறரிடம் அளித்தலும் வேண்டும். அளிப்பவர் பெற்றோராக இருத்தலும் வேண்டும். இரு திசைக்கும் உரிய மதிப்பை அவர் குறைக்கவில்லை.

நிற்க. வீட்டில் கற்பிக்க விழையும் பெற்றோரை இதனால் நான் பழிப்பதாகக் கொள்ளலாகாது. அவர்களைவிடப் பெரிய பிழையைச் செய்தவன் நான். பல ஆண்டுகளுக்குமுன், என் மகன் நான்கு வயதினனாக இருந்தபோது, திரிசரணத்தையும் பஞ்சசீலத்தையும் பாலி மொழியில் பிழையின்றிச் சொல்லப் பழக்கினேன். வீட்டிற்கு வருவோர் முன் அவனை நிறுத்திச் சொல்லச்செய்து பெருமையடைந்தேன். ஒருநாள் அடுக்களையில் இருந்த கருப்பட்டியை எடுத்துத் தின்றுவிட்டு, தான் தின்னவில்லை என்றான். வாயோரத்தில் கருப்பட்டி ஒட்டியிருந்தது. “நான்காம் சீலத்தைச் சொல்” என்றேன். பொய்யுரைத்தலைத் தவிர்க்கும் சீலத்தை ஓரெழுத்தும் பிறழாமல் சொன்னான். சொல்லி முடித்தவுடன் அடித்தேன். பிறகு அவன் அழுதுகொண்டே உண்மையை ஒப்புக்கொண்டான்; அதற்கும் ஓர் அடி கொடுத்தேன். அன்று என் பிள்ளை கற்றது யாது? சீலம் என்பது விருந்தினர்முன் சொல்வது, உண்மை என்பது அடிவாங்கித் தருவது என்னும் இரண்டையுமே. இன்று அவன் நம் கூட்டங்களுக்கு வருவதில்லை. வற்புறுத்தும் தகுதி எனக்கில்லை.

இதே பொய்யைப் பற்றிப் பகவான் தம் மைந்தருக்குக் கற்பித்த முறை மச்சிம நிகாயத்தில் உளது. அப்போது இராகுலர் ஏழு வயதுச் சிறுவர் என்பர் உரையாசிரியர். தந்தை வரக் கண்டு அவர் இருக்கையிட்டுக் கால் கழுவ நீர் வைத்தார். கழுவியபின் கலத்தில் எஞ்சியிருந்த சிறிது நீரைப் பகவான் காட்டினார். அறிந்தே பொய்யுரைக்க நாணாதவனிடத்தில் நன்மை இவ்வளவே எஞ்சும் என்றார். அந்நீரைக் கொட்டிக் காட்டினார். கலத்தைக் கவிழ்த்துக் காட்டினார். நிமிர்த்தி அதன் வெறுமையைக் காட்டினார். பின்னர், கண்ணாடி எதற்கு என்று கேட்டார். பார்ப்பதற்கு என்றார் சிறுவர். அவ்வாறே ஒவ்வொரு செயலையும் செய்யுமுன்னும், செய்யும்போதும், செய்தபின்னும் தனக்கும் பிறர்க்கும் துன்பம் தருமா என்று பார்க்க வேண்டும் என்று உணர்த்தினார். வீட்டிலிருந்த ஒரு நீர்க்கலமே பாடப்பொருள். தண்டனை இல்லை, மனப்பாடம் இல்லை. அசோக மன்னர் தமது பைராட் சாசனத்தில் யாவரும் அடிக்கடி கேட்டுச் சிந்திக்க வேண்டும் எனக் குறித்த ஏழு உரைகளில், பொய்யைப் பற்றி இராகுலர்க்கு உரைத்த இவ்வுபதேசமும் ஒன்று.

ஆகவே சிறுபிள்ளைக்கு வீட்டில் வைக்கத்தக்க பாடத்திட்டம் எது என்று கேட்போர்க்கு மூன்றைக் கூறுவேன்.

முதலாவது, தன் செயலைத் தானே பார்க்கும் பழக்கம். உடைந்த கிண்ணத்தைக் கொண்டுவந்து “நான்தான் உடைத்தேன்” என்று அஞ்சாமல் சொல்லும் பிள்ளை, முதற்பாடத்தில் தேறிவிட்டது. அந்த அச்சமின்மையைத் தருவது பெற்றோரின் முகமே.

இரண்டாவது, தாய்மொழி. 1956-ஆம் ஆண்டு அக்டோபர் 14-இல் நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கர் தம்மத்தைத் தழுவினார். பதினெட்டு நாள் கழித்து, நவம்பர் முதல் நாள், மாநிலங்கள் மொழிவாரியாகத் திருத்தியமைக்கப்பட்டன. விளவங்கோடு சென்னை மாநிலத்தில் சேர்ந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அவ்வாண்டிலேயே அரசியல் சட்டத்தில் 350-ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டு, மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க முயல்வது மாநிலங்களின் கடமையாயிற்று. பின்னாளில் எல்லையின் இப்புறம் 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தமிழும், அப்புறம் 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மலையாளமும் பள்ளிகளில் கட்டாயப் பாடங்களாயின. பனச்சமூட்டுப் பிள்ளை இரு மொழியையும் சந்தையிலேயே கேட்டு வளர்கிறது. அது சுமையன்று, செல்வம். பள்ளி எந்த மொழியில் நடப்பினும், இரவில் கதை கேட்கும் மொழி தாயின் மொழியாக இருக்கட்டும். எழுத்தையோ விரைந்து திணிக்க வேண்டா. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் மூன்று முதல் எட்டு வயதுவரையுள்ள பருவத்தை ஒன்றாகக் கொண்டு, விளையாட்டின் வழியே கற்பித்தலை வற்புறுத்துகிறது.

மூன்றாவது, உண்மை. “நாம் முன்பு யார்?” என்னும் வினாவுக்கு விடை வீட்டில்தான் கிடைக்க வேண்டும். அதனை மந்திரம்போல் ஒரு வரியாகக் கற்பித்தல் வேண்டா. அது நான் என் மகனுக்குச் செய்த பிழையையே மீண்டும் செய்வதாகும். நம் முன்னோர் நிலத்தில் உழைத்தனர். பிறர் அவர்களைத் தாழ்த்தினர். தாழ்த்தியது தாழ்த்தியவர் பிழையேயன்றித் தாழ்த்தப்பட்டவர் பிழையன்று. அய்யங்காளி என்பவர் தாம் எழுதப் படிக்க அறியாதவராக இருந்தும் பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டிப் போராடினார். இதனைக் குழந்தைக்கேற்ற சொல்லில், வயதுக்கேற்ற அளவில், நாணமின்றிக் கூற வேண்டும். பெற்றோர் மறைக்கும் செய்தியே பிள்ளைக்கு இழிவாகத் தோன்றும்.

இம்மூன்றையும் பெற்ற பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பலாமா? அனுப்ப வேண்டும் என்பதே என் முடிவு. பாபாசாகேப்பின் தந்தையார் இராம்ஜி படைப்பள்ளிகளில் ஆசிரியராக இருந்தவர். மகனுக்கு வீட்டில் கற்பிக்கும் ஆற்றல் மிக்கவர், கற்பிக்கவும் செய்தார். ஆயினும் சாத்தாராவில் 1900-ஆம் ஆண்டு நவம்பர் 7-இல் அவரைப் பள்ளியில் சேர்த்தார். அப்பள்ளியில் சிறுவர் பீமராவ் தனியே சாக்குத்துணியில் அமர நேர்ந்தது. பணியாளர் ஊற்றினாலன்றித் தண்ணீர் இல்லை. அத்தந்தை மகனைப் பள்ளியினின்று விலக்கவில்லை. மகனைத் தனியே விட்டுவிடவும் இல்லை. மாலையில் வீடு அவருக்காகக் காத்திருந்தது.

அத்தாய் கேட்டது உண்மையே: பெரியோரின் கடனைக் குழந்தையின் தலையில் வைக்கலாகாது. பஞ்சமியும் தனியே நடந்து செல்லவில்லை; அவள் கையைப் பிடித்திருந்தவர் வளர்ந்த மனிதர். கடன் நம்முடையது. தகாத கேள்வி எழும்போது பள்ளிக்குச் சென்று, சினமின்றி, ஆனால் தெளிவாகப் பேச வேண்டியவர்கள் நாம். பெற்றோர் தனியராயின் சங்கத்தவர் உடன் செல்ல வேண்டும். இதுகாறும் நாம் அதனைச் செய்யவில்லை. பிள்ளைகளுக்குப் பாலி வரிகளைப் பழக்கியதோடு நின்றுவிட்டோம்.

இவற்றை அத்தம்பதியரிடம் கூறினேன். அவர்கள் உடனே இசையவில்லை. ஆறு வயது நிறையும்வரை வீட்டிலேயே வைத்துக்கொள்வதாகவும், அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் சிலரையும் மாலையில் உடன் சேர்த்துக்கொள்வதாகவும் கூறினர். பிறகு பள்ளியில் சேர்க்கும் நாளில் நான் உடன் வரவேண்டும் என்றார் அந்த அம்மை. வருவதாக வாக்களித்துள்ளேன்.