கொழுத்தவன் குற்றவாளியா?

ஒருவனுக்கு வந்த நோய் அவனுடைய சொந்த நடத்தையினாலேயே வந்தது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அதைத் தீர்க்கும் செலவை அவன் ஒருவனே சுமக்க வேண்டுமா, அல்லது அவனும் மாதந்தோறும் பங்கு செலுத்திவந்த பொது நிதி சுமக்க வேண்டுமா? இக்கேள்வி பார்வைக்குச் சிறியது. ஆனால் குற்றம் யாது, தண்டனை யாது, உதவி யாருக்கு உரியது என்ற பெரிய விவகாரங்கள் எல்லாம் இதற்குள்ளே அடங்கியிருக்கின்றன. உடற்பருமனைக் குறைக்கும் ரண சிகிச்சை விஷயத்தில் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் கைக்கொள்ளும் முறையை வைத்து இதைச் சற்று ஆராய விரும்புகிறோம்.

ஜொகூரில் குளுவாங் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் கிராணி வேலை பார்க்கும் நமக்கு, இங்கிலீஷில் அச்சாகி வரும் பத்திரங்களைத் தொழிலாளருக்குப் படித்துச் சொல்வதும் ஒரு வேலையாக அமைந்துவிட்டது. (சம்பளப் பட்டியலில் இவ்வேலைக்கு இடமில்லை என்பது வேறு விஷயம்.) லாரி ஓட்டும் நண்பர் ஒருவர் தம்முடைய வைத்திய இன்ஷூரன்ஸ் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்தார். வயது நாற்பத்திரண்டு, உயரம் 165 சென்டிமீட்டர், எடை 94 கிலோ. பல வருஷமாக நீரிழிவு. மருந்துக்கும் ஊசிக்கும் அடங்கவில்லை. வயிற்றைக் குறுக்கும் ரண சிகிச்சை செய்துகொண்டால் நலம் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். "ஐயா, பதினாலு வருஷமாக் கட்டிக்கிட்டு வரேன், ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. இதுக்குக் கொடுப்பாங்களா, பார்த்துச் சொல்லுங்க" என்றார்.

பார்த்தோம். பணம் கொடுக்கப்படாத காரியங்கள் என்ற பட்டியலில், அழகுக்காகச் செய்துகொள்ளும் சிகிச்சை, தற்கொலை முயற்சி, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளுதல், போதை வஸ்துப் பழக்கம் ஆகிய இவற்றோடு எடை குறைக்கும் சிகிச்சையும் சேர்த்து எழுதப்பட்டிருந்தது. மலேசியாவில் விற்கப்படும் பெரும்பாலான பத்திரங்களில் இவ்வரி ஏதோ ஒரு வடிவத்தில் இருக்கத்தான் செய்கிறது. பட்டியலை மீண்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள். ஒன்று வீண் ஆசை, மற்றவை தன் கையாலேயே தனக்குச் செய்துகொண்ட கேடு. இந்தக் கூட்டத்தில் நம் நண்பரைக் கொண்டுபோய் நிறுத்தியபோதே அவர்மேல் தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது.

அத்தீர்ப்பின் அபராதத் தொகை எவ்வளவு? இந்நாட்டுத் தனியார் ஆஸ்பத்திரிகளில் இச்சிகிச்சைக்கு இருபத்தையாயிரம் வெள்ளி முதல் நாற்பதாயிரம் வெள்ளி வரையில் கேட்கிறார்கள். 2025 பிப்ரவரியிலிருந்து சட்டப்படியான குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி; வருஷத்துக்கு 20,400. ஒரு தொழிலாளி ஒரு வருஷ காலம் ஒரு வேளையும் உண்ணாமல் சேர்த்தாலும் போதாது. அவ்விதம் உண்ணாமலிருக்க அவனால் கூடுமானால் சிகிச்சையே தேவையில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரி உண்டே என்று சிலர் கேட்பர். உண்டுதான். ஒரு வெள்ளிச் சீட்டில் நோயாளியைப் பார்க்கும் அவ்வேற்பாட்டை நாம் என்றும் குறைத்துப் பேசமாட்டோம். ஆனால் இச்சிகிச்சை சில பெரிய ஆஸ்பத்திரிகளிலும் பல்கலைக்கழக ஆஸ்பத்திரிகளிலுமே நடக்கிறது, கை தேர்ந்தவர்கள் சிலர், வரிசையோ நீளம், சில இடங்களில் வயிற்றைத் தைக்கும் கருவிகளின் விலையை நோயாளியே கொடுக்க வேண்டி வருவதும் உண்டு. நண்பர் அந்த வரிசையில் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்.

இனி, கம்பெனியின் தீர்ப்புக்கு ஆதாரம் என்ன என்று பார்ப்போம். அவன் தின்றான், பெருத்தான். ஆகையால் அவனே கொடுக்கட்டும் என்பதுதான் அது. மழையில் மோட்டார் சைக்கிளை வேகமாக ஓட்டிக் காலை முறித்துக்கொண்டவனிடம் இக்கம்பெனிகள் ஏன் வேகமாகப் போனாய் என்று கேட்பதில்லை, பணம் கொடுக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைப் பந்தாட்டத்தில் முழங்கால் பிசகியவனுக்கும் கொடுக்கின்றன. இவை இருக்கட்டும். இதே நண்பருக்கு நாளை இதே நீரிழிவினால் கால் புண் புரையோடி விரல்களை வெட்ட வேண்டி வந்தால், அந்த வெட்டுக்கு இதே பத்திரம் பணம் கொடுக்கும். சிறுநீரகம் கெட்டு இரத்தத்தைச் சுத்தி செய்ய வேண்டி வந்தால் அதற்கும் ஒரு தொகை வரை கொடுக்கும். காலை வெட்டப் பணம் உண்டு. காலைக் காப்பாற்றப் பணம் இல்லை. வரவு செலவுப் புத்தகம் எழுதிப் பழகிய நமக்கு இந்தக் கணக்கு விளங்கவில்லை. சிக்கனத்தைக் காரணமாகச் சொல்வது இங்கே பொருந்தாது. குற்றவாளி என்ற எண்ணத்தைத் தவிர வேறு காரணம் நமக்குத் தென்படவில்லை.

குற்றவாளி என்பது முதலாவது உண்மையா? பசியை அடக்குவது மனவுறுதியைப் பொறுத்தது என்றே நெடுங்காலமாக உபதேசிக்கப்பட்டு வந்தது. 1999-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கிரெலின் என்ற ஒரு சுரப்பைக் கண்டுபிடித்தார்கள். அது பெரும்பாலும் இரைப்பையின் மேற்பாகத்தில் ஊறி, மூளைக்குப் பசி என்ற செய்தியைக் கொண்டுபோகிறது. இரைப்பையில் ஏறக்குறைய முக்கால் பங்கை நீக்கும் சிகிச்சையில் இந்த மேற்பாகமும் போய்விடுவதால், நோயாளிக்குப் பசியே குறைந்துவிடுகிறது. அவன் முன்னைவிட உத்தமனாகிவிட்டான் என்று யாராவது சொல்வார்களா? ஸ்வீடன் தேசத்தில் 1987-ல் தொடங்கிய ஆராய்ச்சி ஒன்றில், பருத்த உடலினர் 2,010 பேர் ரண சிகிச்சை செய்துகொண்டார்கள். அவர்களைப் போன்ற 2,037 பேர் வழக்கமான சிகிச்சையோடு நின்றார்கள். சராசரி ஏறக்குறைய பதினோரு வருஷம் கழித்து 2007-ல் கணக்கு வெளியிடப்பட்டபோது, முதல் வகுப்பில் 101 பேரும் இரண்டாம் வகுப்பில் 129 பேரும் இறந்திருந்தனர். இதை அழகுக்காகச் செய்யும் சிகிச்சை என்று எழுதிய கை எத்தகையதோ!

தவிரவும், மலேசியாவில் 2013 அக்டோபர் வரையில் சீனிக்கு அரசாங்கமே மானியம் கொடுத்து வந்தது. 2019 ஜூலை முதல் தேதியிலிருந்து அதே அரசாங்கம் சீனி மிகுந்த பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி விதித்தது; பிறகு உயர்த்தியும் வருகிறது. ஆறு வருஷத்துக்குள் சீனி உதவிக்குரிய பண்டம் என்பதிலிருந்து வரிக்குரிய பண்டமாயிற்று. மானியச் சீனியில் தேநீர் குடித்து வளர்ந்தவன் உடலில் அது தங்கிவிட்டால், குற்றத்தில் பாதியாவது யாருடையது? 2019-ம் வருஷத்துத் தேசியச் சுகாதாரக் கணக்கெடுப்பின்படி, இந்நாட்டு இந்திய வமிசத்தாரில் வயது வந்தவர்களுள் 31.4 சதவிகிதத்தினருக்கு நீரிழிவு இருந்தது. ஏறக்குறைய மூவரில் ஒருவர்! ஒரு சமூகத்தில் மூன்றில் ஒருவரைப் பிடித்திருக்கும் நோயை ஒவ்வொருவருடைய தனி ஒழுக்கக்கேடு என்று சொல்வதற்கு மிகுந்த துணிவு வேண்டும். அத்துணிவு நமக்குப் புதிதல்ல. குருடனையும் முடவனையும் பார்த்து முற்பிறப்பில் செய்த வினை என்று சொல்லித் தன் மடியைப் பத்திரமாக முடிந்துகொண்டு போனவர்களை நம் நாடு நெடுங்காலம் கண்டிருக்கிறது. கம்பெனிக்கு முற்பிறப்பு தேவைப்படவில்லை. இப்பிறப்பில் தின்றது போதுமென்கிறது. மடியை முடிந்துகொள்வது மாத்திரம் ஒன்றே.

நிற்க. கம்பெனியார் பக்கத்தில் வலுவான வாதம் ஒன்று உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. 2023-ம் வருஷக் கணக்கெடுப்பில் இந்நாட்டில் வயது வந்தவர்களில் 54.4 சதவிகிதத்தினர் மிகை எடையோ உடற்பருமனோ உள்ளவர்கள். இவர்களில் ஒரு சிறு பகுதியினர் சிகிச்சை கேட்டாலும் நிதி என்னாவது? பிரிமியம் ஏறினால், ஒல்லியான தொழிலாளியும் அல்லவா கொடுக்க வேண்டும்? 2024-ல் வைத்திய இன்ஷூரன்ஸ் பிரிமியம் தாறுமாறாக ஏறி ஜனங்கள் கூக்குரலிட்டதும், அவ்வருஷம் டிசம்பரில் நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா தலையிட்டு அவ்வுயர்வைச் சில வருஷங்களுக்குப் பரப்பி வைக்கச் செய்ததும் வாசகர்கள் அறிந்ததே. இன்ஷூரன்ஸ் தர்மசத்திரம் அன்று என்பதை ஒப்புக்கொள்கிறோம். நிதி குறைவாயிருந்தால் நோயின் கடுமையைப் பார்த்து முன் பின் வகுக்கலாம். நோயாளியின் யோக்கியதையைப் பார்த்து வகுப்பது வேறு காரியம்.

அவ்விதம் கடுமையைப் பார்த்து வகுத்திருக்கும் தேசங்களும் இருக்கின்றன. இதற்கு அளவுகோல், கிலோ கணக்கிலான எடையை மீட்டர் கணக்கிலான உயரத்தால் இருமுறை வகுத்து வரும் எண். நம் நண்பருக்கு அது 34.5. இந்தியாவில் இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் வகுத்த விதிப்படி, பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவனாகவும், அவ்வெண் 40-ஆகவோ, அடங்காத நீரிழிவு, இருதய நோய் போன்றவை இருந்தால் 35-ஆகவோ இருக்க வேண்டும். எளிய முறைகளில் முயன்று பயனில்லாமலும் போயிருக்க வேண்டும். நம் நண்பர் சென்னைவாசியாயிருந்தால், அவருக்குக் குறைவது ஒன்றரை கிலோவுக்கும் கீழே. இன்னும் சில நாள் நன்றாகத் தின்றுவிட்டு வாரும் என்று விதியே அவரை அனுப்பிவைக்கும்! சிங்கப்பூரில் நோயோடு கூடியவர்களுக்கு 32.5, நோயில்லாதவர்களுக்கு 37.5 என்பது வழக்கிலுள்ள அளவு. அந்நாட்டார் தங்கள் வைத்தியச் சேமிப்பையும் தேசிய இன்ஷூரன்ஸையும் இதற்கு உபயோகிக்கலாம். அங்கே அவர் தேறிவிடுகிறார். ஆனால் தேசிய இன்ஷூரன்ஸ் அந்நாட்டுப் பிரஜைகளுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மாத்திரமே. 1924-ல் திறந்த கடற்பாலத்தைத் தினந்தோறும் விடியுமுன் கடந்துபோய் அங்கே உழைத்துவிட்டு வரும் ஜொகூர்க்காரனுக்கு அது இல்லை. ஒரே உடல், ஒரே நோய். சென்னையில் ஒன்றரை கிலோ குறைவு, சிங்கப்பூரில் போதுமானது, இடையிலிருக்கும் நம் ஊரில் அழகு சிகிச்சை.

இந்த 35-க்கும் 32.5-க்கும் உள்ள வித்தியாசம் கருணையினால் ஏற்பட்டதன்று. எடையை உயரத்தோடு இவ்விதம் பொருத்திப் பார்த்தவர் பெல்ஜியம் தேசத்துக் கெட்லே என்ற கணித நிபுணர். காலம் சென்ற நூற்றாண்டுக்கு முந்தியது; அவர் அளந்தவர்கள் ஐரோப்பியர்கள். நம்மவர் உடலில் குறைந்த எடையிலேயே வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்து நீரிழிவு வந்துவிடுகிறது. ஆசிய மக்களுக்கு ஆபத்து குறைந்த எண்ணிலேயே தொடங்குகிறதென்பதை உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் நிபுணர் குழு 2004-ல் வெளியிட்டது. 2016-ல் பல தேசங்களின் நீரிழிவு வைத்தியச் சங்கங்கள் கூடி, ரண சிகிச்சைக்கான எண்ணை ஆசியருக்கு 2.5 குறைத்துக்கொள்ளும்படி சிபார்சு செய்தன. எல்லோருக்கும் ஒரே அளவு என்பது கேட்பதற்குச் சமத்துவம்போலத் தோன்றும். ஒருவன் காலுக்குத் தைத்த சப்பாத்தை எல்லோருக்கும் மாட்டுவதையும் சமத்துவம் என்றே சொல்லிக்கொள்ளலாம்.

அமெரிக்காவில் வேறொரு வேடிக்கை. அங்கே முதியோருக்கான அரசாங்க இன்ஷூரன்ஸ் 2006 முதல் இச்சிகிச்சைக்குப் பணம் கொடுக்கிறது. தனியார் கம்பெனிகளில் பலவோ, மூன்று மாதமோ ஆறு மாதமோ வைத்தியர் மேற்பார்வையில் பத்தியம் இருந்து, மாதந்தோறும் கையெழுத்து வாங்கிக்கொண்டு வரவேண்டுமென்று நிபந்தனை போட்டன. இடையில் ஒரு மாதம் தவறினால் சில இடங்களில் மறுபடியும் முதலிலிருந்து. இந்த நிபந்தனையால் நன்மை விளைகிறதென்பதற்கு ஆதாரமில்லை என்று அந்நாட்டு ரண வைத்தியர் சங்கமே சொல்லியிருக்கிறது. சிகிச்சைக்கு முன் சில வாரம் பத்தியமிருந்து கல்லீரலைச் சுருக்கிக்கொள்வதும், பிறகு உண்ண வேண்டிய முறையைக் கற்றுக்கொள்வதும் அவசியமே. அவை உடலை ஆயத்தப்படுத்துகின்றன. இதுவோ, மனந்திருந்தியதற்கு அத்தாட்சி கேட்கிறது. மார்பில் கட்டியோடு வந்த ஒரு ஸ்திரீயை, ஆறு மாதம் விரதமிருந்து உறுதியைக் காட்டிவிட்டு வா என்று எந்தக் கம்பெனியாவது சொல்லுமா?

கைப்பணத்தைக் கொண்டே எல்லாம் நடக்க வேண்டுமென்று விட்டுவிட்டால் என்ன நேரும் என்பதற்கும் சாட்சி உண்டு. 2024 ஏப்ரலில் சென்னையை அடுத்த ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இச்சிகிச்சைக்காகச் சேர்ந்த ஓர் இளைஞர் இறந்தார். தமிழ்நாட்டுச் சுகாதார இலாகா விசாரணை நடத்தியது. செலவு குறைவு என்பதனால் அவ்விடத்திற்குப் போனதாகக் குடும்பத்தார் அப்பொழுது சொன்னார்கள். எந்த ரண சிகிச்சையிலும் ஆபத்து உண்டு. ஒரு சாவைக் கொண்டு ஒரு முறையையே பழிப்பது தவறு. ஆயினும் பணம் கொடுக்கும் நிதி ஒன்று நடுவில் இருந்தால், இன்ன வசதியுள்ள இடத்தில்தான் செய்யலாம் என்று அதுவே சட்டம் பேசும். நோயாளி தனியாக நிற்கும்போது, விலையைத் தவிர வேறெதைப் பேசுவதற்கு அவனுக்கு வழியிருக்கிறது?

தோட்டங்களிலும் ஆலைகளிலும் தொழிலாளரைக் கூட்டாகச் சேர்த்து எடுக்கும் இன்ஷூரன்ஸ் பத்திரங்கள் குறித்த காலந்தோறும் புதுப்பிக்கப்படுகின்றன. அப்பொழுது சங்கத்தார் அறை வாடகைக்கு எவ்வளவு, ஆம்புலன்ஸுக்கு எவ்வளவு என்று பேசுகிறார்கள். விலக்குப் பட்டியலை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. அடுத்த தடவை அப்பட்டியலை மேஜைமேல் விரித்து, எடை குறைக்கும் சிகிச்சை என்ற வரியை அடித்துவிட்டு, நீரிழிவோடு கூடியவர்களுக்கு 32.5 என்று எழுதும்படி கேட்கலாம். பிரிமியம் ஏறும் என்று கம்பெனி சொல்லும். எவ்வளவு ஏறும், வெட்டப்படாமல் தப்பும் கால்களுக்காக அதில் எவ்வளவு கழியும் என்று எழுத்தில் காட்டட்டும். கூட்டிக் கழித்துப் பார்ப்பதற்குத் தோட்டத்துக்கு ஒரு கிராணியாவது இருக்கிறோம்.